மரக்கறிக்குள் இருக்கும் சத்து: செம்மண் தோட்டத்திலிருந்து சட்டி வரை

முருங்கையிலையில் எவ்வளவு கல்சியம் இருக்கிறது என்று தேடிப் பாருங்கள். அமெரிக்க விவசாயத் திணைக்களத்தின் அட்டவணை 100 கிராம் பச்சை இலைக்கு 185 மில்லிகிராம் என்கிறது. இந்தியத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் பழைய அட்டவணையில் அதே 100 கிராமுக்கு 440 மில்லிகிராம். புரதம் அதில் 9.4 கிராம், இதில் 6.7. எது பொய்? இரண்டுமே பொய் இல்லை. மண், இனம், இலை இளசா முற்றலா, எந்தப் பருவத்தில் பறித்தது, எந்த முறையில் அளந்தது என்று ஒவ்வொன்றும் கணக்கை மாற்றும். அட்டவணையில் இருப்பது யாரோ எங்கேயோ அளந்த சராசரி. உங்கள் வேலியில் நிற்கிற முருங்கைக்கு அந்த அட்டவணை தெரியாது.

மரக்கறியின் சத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். ஒரு மரக்கறிக்குள் என்னென்ன இருக்கிறது, அது ஏன் கூடிக் குறைகிறது, அதில் எவ்வளவு நம் உடம்பில் சேர்கிறது என்பவற்றை யாழ்ப்பாணத்துத் தோட்டங்களையும் அடுப்படியையும் வைத்துப் பார்ப்போம்.

முதலில் தண்ணீர். வெள்ளரி, புடலங்காய், தக்காளி, பூசணி எல்லாவற்றிலும் எடையில் 90 சதவீதத்துக்கு மேல் தண்ணீர்தான். முருங்கையிலையில் 80 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவு, மரவள்ளிக் கிழங்கில் சுமார் 60. மிச்சத்தில் மாப்பொருள், நார், கொஞ்சம் புரதம், கல்சியம், இரும்பு, பொற்றாசியம் போன்ற கனிமங்கள், விற்றமின்கள். இவை உடம்புக்கு இல்லாமல் முடியாதவை. இரும்பு குறைந்தால் சோகை, விற்றமின் ஏ குறைந்தால் மாலைக்கண் என்று குறைபாட்டுக்கு நோயின் பெயர் இருக்கும். ஊட்டச்சத்து என்று நாம் சொல்வது இவற்றைத்தான். இது முதல் கூட்டம்.

தண்ணீர்க் கணக்கு தெரிந்தால் விளம்பரத்தில் ஏமாறாமலும் இருக்கலாம். முருங்கையிலைத் தூள் பைக்கற்றில் ‘கரட்டை விடப் பல மடங்கு’ என்று போட்டிருக்கும். இலையைக் காயவைத்தால் தண்ணீர் போய்விடும், 100 கிராமுக்கான எண்கள் தானாக எகிறும். ஆனால் வறை என்றால் ஒரு கை நிறைய இலை சாப்பிடுகிறோம், தூள் என்றால் ஒரு தேக்கரண்டி. 100 கிராமை 100 கிராமோடு ஒப்பிட்டு என்ன பயன்?

சரி, இரண்டாவது கூட்டத்துக்கு வருவோம். இவற்றை உயிர்ச்செயற்பாட்டுச் சேர்வைகள் என்பார்கள். கரோட்டினொயிட்டுகள், பொலிபீனோல்கள், கந்தகச் சேர்வைகள் என்று பல குடும்பங்கள். இவை கிடைக்காவிட்டால் குறைபாட்டு நோய் என்று ஒன்று வராது. ஆனால் உடம்புக்குள் போனால் ஏதோ ஒரு வேலை செய்கின்றன: சில ஒட்சியேற்றத்தைத் தடுக்கின்றன, சில நொதியங்களை, அதாவது உடம்பின் இரசாயன மாற்றங்களை விரைவாக்கும் புரதங்களைத் தூண்டுகின்றன, சில குடலில் உள்ள பற்றீரியாக்களுக்கு இரையாகின்றன.

செடி இவற்றை நமக்காகச் செய்யவில்லை. வேர் விட்ட இடத்தை விட்டு அது ஓட முடியாது. புழு கடிக்கும், பூஞ்சணம் தொற்றும், வெயில் சுடும். அதற்கு எதிராகச் செடி தனக்குள்ளேயே தயாரித்துக்கொள்ளும் ஆயுதங்கள்தான் காரமும் கசப்பும் நெடியும். நிறத்திலும் ஒரு பங்கு அப்படி வந்ததே.

சின்ன வெங்காயத்தை எடுத்துக்கொள்வோம். முழு வெங்காயம் மணப்பதில்லை. கத்தி பட்டதும்தான் எல்லாம் தொடங்குகிறது. கலத்தின் ஒரு பக்கத்தில் கந்தகச் சேர்வையும் இன்னொரு பக்கத்தில் அலினேஸ் என்ற நொதியமும் தனித்தனியாக இருக்கின்றன. கலம் உடைந்ததும் இரண்டும் கலந்து நெடியுள்ள பொருட்கள் பிறக்கின்றன. கண்ணைக் கரிக்க வைக்கும் வாயுவை உண்டாக்க இன்னொரு நொதியமும் வேண்டும். அதை 2002இல்தான் ஜப்பானிய ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். வெங்காயத்தைக் கடிக்க வந்த பூச்சிக்காக வைத்த பொறியில் தினமும் மாட்டுவது உரிக்கிறவர்.

வெங்காயத்தில் இன்னொரு முக்கியமான பொருள் குவெர்செற்றின் என்ற பொலிபீனோல். இது வெளி அடுக்குகளில் கூடுதலாகவும் உள்ளே போகப் போகக் குறைவாகவும் இருக்கும். காய்ந்த சருகை எடுத்த பிறகு, அதற்குக் கீழே இருக்கும் நல்ல சதையுள்ள முதல் அடுக்கையும் சேர்த்து உரித்துப் போடுகிறவர்கள் பலர். சின்ன வெங்காயம் உரிப்பது பொறுமையைச் சோதிக்கிற வேலை என்பதால் குறை சொல்லவும் மனம் வரவில்லை. ஆனாலும் குவெர்செற்றினில் நல்ல பங்கு அந்தத் தோலோடுதான் குப்பைக்குப் போகிறது.

மிளகாயில் காரம் விதையில் இருப்பதாகத்தான் பலரும் நம்புகிறோம். ஆனால் காரத்தைத் தரும் கப்சேசின் உண்டாகிற இடம் விதைகள் ஒட்டியிருக்கும் வெள்ளை நரம்பு. விதை அதோடு ஒட்டிக் கிடப்பதால் அதற்கும் உறைப்பு ஏறுகிறது. பச்சை மிளகாயில் விற்றமின் சியும் தாராளம், ஒரே எடைக்குத் தோடம்பழத்தை விட அதிகம். ஆனால் ஒரு நாளைக்கு எத்தனை மிளகாய் தின்ன முடியும்?

கத்தரிக்காயின் ஊதாத் தோலில் அந்தோசயனின் என்ற நிறப்பொருள் இருக்கிறது. இராசவள்ளிக் கிழங்கின் நிறமும் அந்தோசயனின்தான். பால் விட்டுக் காய்ச்சிய இராசவள்ளிக் கூழின் அந்த ஊதா, சாயம் போட்டு வந்ததில்லை. கத்தரிக்காயை வெட்டி வைத்தால் சதை கறுக்கிறதே, அதற்குக் காரணம் குளோரோஜெனிக் அமிலம் என்ற பொலிபீனோல். கலம் உடைந்து காற்றுப் பட்டதும் ஒரு நொதியம் அதைக் கறுக்க வைக்கிறது. வெட்டிய துண்டுகளை உடனே உப்புத் தண்ணீரில் போடுவது கறுப்பதைத் தடுக்கத்தான். நெடுநேரம் ஊறவிட்டால் தண்ணீரில் கரையும் சத்துகளும் அதோடு போகும்.

பீற்றூட்டின் சிவப்பு வேறு வகை. அதன் பெயர் பீற்றலேயின். பீற்றூட்டும் சிவப்புக் கீரையும் ஒரே தாவரக் குடும்பம், இரண்டின் நிறமும் இந்த வகைதான். அந்தோசயனின் செய்யும் செடிகளில் பீற்றலேயின் இருக்காது, பீற்றலேயின் செய்யும் செடிகளில் அந்தோசயனின் இருக்காது. பீற்றூட் கறி சாப்பிட்ட அடுத்த நாள் சிறுநீர் சிவந்து போய்ப் பயந்தவர்கள் சிலரைத் தெரியும். சிலர் உடம்பில் அந்த நிறம் அப்படியே வெளியேறும், கெடுதல் இல்லை. சந்தையில் பீற்றூட் வாங்கும்போது இலையை முறித்துப் போட்டுவிட்டு வராதீர்கள். கல்சியமும் விற்றமின் ஏ ஆக மாறும் பீற்றா கரோட்டினும் கிழங்கில் பெயருக்குத்தான், இலையில்தான் நிறைய. இளம் இலை வறைக்கு அருமையானது.

இந்தச் சேர்வைகளைப் பற்றி வரும் செய்திகளைப் படிக்கும்போது ஒரு விஷயம் ஞாபகத்தில் இருக்கட்டும். ஆய்வுகூடத்துக் குழாயில் புற்றுநோய்க் கலத்தைக் கொன்ற பொருள், சாப்பிட்டவருக்கும் அதையே செய்யும் என்று இல்லை. பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,000க்கும் அதிகமானோரை வைத்து ஒரு பெரிய ஆய்வு நடந்தது. 1994இல் முடிவு வந்தபோது, பீற்றா கரோட்டின் மாத்திரை எடுத்தவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் குறையவில்லை, எடுக்காதவர்களை விட 18 சதவீதம் கூடியிருந்தது. கரட் தின்பது ஆபத்து என்று இதற்குப் பொருள் இல்லை. கரட்டில் இருக்கும் பீற்றா கரோட்டின் சிறிய அளவில், நாரோடும் வேறு பல சேர்வைகளோடும் சேர்ந்து வருகிறது. அதை மட்டும் பிரித்து, பெரிய அளவில், அதுவும் புகைபிடிக்கிறவருக்குக் கொடுப்பது வேறு கதை. ஆகவே மரக்கறியை மரக்கறியாகவே சாப்பிடுங்கள். பழமும் மரக்கறியும் சேர்த்து நாளுக்குக் குறைந்தது 400 கிராம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. நம் வீடுகளில் சோற்று மலையின் ஓரத்தில் இருக்கும் ஒரு கரண்டி கறி அதற்குப் பக்கத்திலும் வராது.

இனித் தோட்டத்துக்கு. உரும்பிராய், கோப்பாய், சுன்னாகம் பக்கத்துச் செம்மண் அதிக ஆழம் இல்லாதது. அதன் கீழே சுண்ணாம்புக் கல். பெரிய ஆறு இல்லாத குடாநாட்டில் குடிப்பதும் இறைப்பதும் அந்தக் கல்லின் இடுக்குகளில் தேங்கிய மழைத் தண்ணீரைத்தான். மேலே போடுகிற எதுவும் கீழே இறங்க நாளாகாது. பயிரின் சத்தும் கிணற்றின் சுத்தமும் இங்கே ஒன்றோடு ஒன்று முடிச்சுப் போட்டுக் கிடக்கின்றன.

யூரியாவை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் இருப்பது நைதரசன். மண்ணில் அது நைத்திரேற்றாக மாறுகிறது, வேர் அதை உறிஞ்சுகிறது, இலை அதைப் புரதமாக்குகிறது. தேவைக்கு மேல் போட்டால் செடி கருகருவென்று தழைக்கும், பார்க்க அழகாக இருக்கும். ஆனால் உறிஞ்சிய நைத்திரேற்றை முழுவதும் புரதமாக்க முடியாமல் இலையிலும் காம்பிலும் தேக்கி வைக்கும். விற்றமின் சி குறையும், பொலிபீனோல்களும் பல பயிர்களில் குறைகின்றன. வளரத் தாராளமாகக் கிடைக்கும்போது செடி தற்காப்புக்குச் செலவழிப்பது குறைவு. வேர் எடுக்காமல் விட்ட மிச்சம் இறைப்புத் தண்ணீரோடும் மழையோடும் கிணற்றுக்குப் போகிறது.

குடிநீரில் நைத்திரேற்றுக்கு உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். தோட்டங்கள் நெருங்கிய பகுதிகளில் இதைத் தாண்டிய கிணறுகள் இருப்பது பல ஆண்டுகளாகத் தெரிந்ததுதான். பசளையோடு மலசலகூடக் குழிகளும் இதற்குக் காரணம். ஆறு மாதத்துக்கு உட்பட்ட, புட்டிப்பால் குடிக்கும் குழந்தைகளுக்கு இது ஆபத்து: நைத்திரேற்று நைத்திரைற்றாக மாறி, குருதி ஒட்சிசனைக் காவ விடாமல் செய்துவிடும். கொதிக்கவைத்தால் சரியாகிவிடும் என்று நினைக்கக்கூடாது. கொதிக்கும்போது தண்ணீர்தான் ஆவியாகிறது, நைத்திரேற்று அப்படியே இருந்து இன்னும் செறிவாகிறது.

இதே நைத்திரேற்று பீற்றூட்டிலும் கீரையிலும் இயல்பாகவே நிறைய இருக்கிறது. அங்கே அதற்கு நல்ல பெயர்! வாயில் இருக்கும் பற்றீரியாக்கள் அதை நைத்திரைற்றாக்குகின்றன, உடம்பு அதிலிருந்து நைத்திரிக் ஒட்சைட்டை உண்டாக்குகிறது, இரத்தக் குழாய்கள் தளர்ந்து அழுத்தம் சற்றுக் குறைகிறது. கிருமி கொல்லும் வாய் கொப்பளிப்பான்களைப் பாவித்தால் இந்தப் பலன் குறைகிறது, அந்தப் பற்றீரியாக்கள் செத்துப்போவதால். மரக்கறியில் நைத்திரேற்றோடு விற்றமின் சியும் பொலிபீனோலும் சேர்ந்து வருகின்றன, அவை அது தீய சேர்வைகளாக மாறுவதைத் தடுக்கின்றன. கிணற்றுத் தண்ணீரில் அந்தக் காவல் இல்லை. ஆளைப் பொறுத்தும் துணைக்கு வருவதைப் பொறுத்தும் ஒரே பொருள் இரண்டு விதமாக நடக்கிறது.

இலையில் தேங்கும் நைத்திரேற்றைப் புரதமாக்கும் நொதியத்துக்கு வெளிச்சம் தேவை. அதனால் விடியற்காலையில் கீரையில் அது கூடுதலாகவும், வெயில் பட்ட பிறகு பின்னேரத்தில் குறைவாகவும் இருக்கும். சந்தைக்குப் போகிறவர் விடியவே பிடுங்கத்தான் வேண்டும், பகல் வெயிலில் பிடுங்கினால் வாடிவிடும். வீட்டுத் தோட்டத்தில் அந்தக் கட்டாயம் இல்லை, இரவுச் சமையலுக்குப் பின்னேரம் ஆயலாம்.

சுண்ணாம்பு மிகுந்த மண்ணில் இன்னொரு சிக்கல். இரும்பும் துத்தநாகமும் மண்ணில் இருந்தாலும் வேர் எடுக்க முடியாத வடிவில் இறுகிக் கிடக்கும். இளம் இலைகள் மஞ்சளடித்து நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் பெரும்பாலும் இரும்புப் பஞ்சம். இதற்கு யூரியா மருந்தில்லை. மண்ணில் சேதனப் பொருள், அதாவது உக்கிய குழையும் எருவும் கூடினால் அது இந்த உலோகங்களைப் பிடித்து வேருக்கு எட்டும்படி வைத்திருக்கும். நம்முடைய தோட்டக்காரர்கள் பூவரசங்குழையும் பனையோலையும் தாழ்த்தியதும், அறுவடை முடிந்த தறையில் ஆட்டுப்பட்டி மாட்டுப்பட்டி அடைத்ததும், சணல் விதைத்துப் பூக்கிற பருவத்தில் உழுது விட்டதும் இந்த வேலையைத்தான் செய்தன. சணலும் பயற்றை இனங்களும் வேர் முடிச்சுகளில் வாழும் பற்றீரியாக்களின் உதவியோடு காற்றிலுள்ள நைதரசனையும் மண்ணுக்குக் கொண்டுவருகின்றன. குழை மெதுவாக உக்குவதால் நைதரசனும் மெதுவாகத்தான் வெளிவரும். அதனால் கிணற்றுக்கு இறங்குவதும் குறைவு. நிலைபேறான விவசாயம் என்று இன்று கருத்தரங்குகளில் பேசப்படுவதில் பாதி இதுதான் என்று நான் சொல்வேன்.

அதற்காகச் சேதன விவசாயம் என்றாலே சத்து இரட்டிப்பு என்று அள்ளி விடவும் முடியாது. 2009இல் வந்த ஒரு பெரிய மீளாய்வு, சேதன முறை, இரசாயன முறை இரண்டுக்கும் ஊட்டச்சத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை என்றது. 2014இல் 343 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்த இன்னொன்று, சேதனப் பயிர்களில் பொலிபீனோல்கள் கூடுதல், கட்மியம் என்ற நச்சு உலோகமும் கிருமிநாசினி எச்சமும் குறைவு என்றது. என் கணிப்பில், விற்றமினிலும் கனிமத்திலும் பெரிய வித்தியாசத்தை எதிர்பார்க்க வேண்டாம், தற்காப்புச் சேர்வைகளில் கொஞ்சம் இருக்கலாம். கிருமிநாசினியும் கிணறுமே இந்த முறைக்கு மாறப் போதுமான காரணங்கள். அதையும் படிப்படியாகச் செய்ய வேண்டும். 2021 மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதி ஒரே அடியாகத் தடை செய்யப்பட்டு, விளைச்சல் விழுந்து, அந்த ஆண்டு நவம்பரில் தடை கைவிடப்பட்டதை நாடே பார்த்தது. சேதனப் பொருள் மண்ணில் சேர வருடங்கள் எடுக்கும்.

இனத்தையும் மறக்கக்கூடாது. அமெரிக்காவில் 43 தோட்டப் பயிர்களின் 1950ஆம் ஆண்டு அட்டவணையை 1999ஆம் ஆண்டு அட்டவணையோடு ஒப்பிட்டார்கள். புரதம், கல்சியம், பொசுபரசு, இரும்பு, விற்றமின் பி2, விற்றமின் சி ஆகிய ஆறும் சராசரியில் குறைந்திருந்தன. மண் செத்துவிட்டது என்று பலர் இதற்கு விளக்கம் சொன்னார்கள். ஆய்வு செய்தவர்கள் காட்டிய முக்கிய காரணம் வேறு: கூடுதல் விளைச்சலுக்கென்று தெரிவு செய்த புதிய இனங்கள். ஒரே அளவு தேங்காய்ப்பாலில் இன்னும் இரண்டு கோப்பை தண்ணீர் விட்ட சொதி மாதிரி, காய் பெருக்கிறது, சத்து அதே வேகத்தில் கூடுவதில்லை. சந்தையில் பெரிய காயைத் தேடும் கண் கொஞ்சம் யோசிக்கலாம்.

அறுவடைக்குப் பிறகும் மாற்றம் நிற்பதில்லை. விற்றமின் சியும் பி வகை விற்றமினான போலேற்றும் முதலில் போகின்றன. கீரை அறை வெப்பத்தில் ஒரு நாள் வாடிக் கிடந்தாலே விற்றமின் சியில் பெரும் பங்கு போய்விடும். கனிமங்கள் அப்படி அழிவதில்லை, அவிக்கும் தண்ணீரில் கரைந்து போனால்தான் நட்டம். எனவே முதலில் கழுவி, பிறகு வெட்டி, தேவையான அளவு தண்ணீரில் மட்டும் அவிப்பது நல்லது. கோவாவுக்கு ஒரு சின்ன விசேஷம்: மெல்லியதாக அரிந்து பத்து நிமிடம் விட்டுப் பிறகு அடுப்பில் வையுங்கள். அதிலும் வெங்காயத்தைப் போல நொதியம் வேலை செய்தால்தான் பயனுள்ள கந்தகச் சேர்வை உண்டாகும், சூடு பட்டால் நொதியம் செத்துவிடும்.

சமைப்பதால் எல்லாமே குறைகிறது என்றும் எண்ண வேண்டாம். கரட், பூசணி, கீரை இவற்றின் கரோட்டின் கலச் சுவருக்குள் அகப்பட்டிருக்கிறது. வேகும்போது சுவர் இளகி அது வெளியே வரும். அது கொழுப்பில்தான் கரையும். தேங்காய்ப்பாலில் வைத்த பூசணிக்காய்ப் பால்கறியும் தேங்காய்ப்பூப் போட்ட கீரை வறையும் இந்த விஷயத்தில் வெறும் சலாட்டை வென்றுவிடும். தக்காளிக்குச் சிவப்பைத் தரும் லைக்கோபீனும் எண்ணெயில் வதங்கினால் கூடுதலாக உறிஞ்சப்படும்.

கீரைக்கறியை இறக்கி, சூடு கொஞ்சம் ஆறவிட்டுத் தேசிப்புளி விடுவார்கள் அல்லவா? அந்தக் கடைசி வேலை முக்கியமானது. கீரையில் உள்ள இரும்பு இலகுவில் உறிஞ்சப்படாத வகை. விற்றமின் சி கூட இருந்தால் உறிஞ்சுவது கூடும். அடுப்பில் கொதிக்கும்போதே புளியை விட்டால் அந்த விற்றமினில் ஒரு பகுதி சூட்டில் போய்விடும், கறியும் கசக்கும். ஆனால் சாப்பிட்ட கையோடு ஒரு பிளேன்ரீ குடித்தால் பாடுபட்டதெல்லாம் வீண், தேநீரின் தனின்கள் இரும்பைப் பிடித்துக்கொள்ளும். ஒரு மணித்தியாலம் தள்ளிக் குடியுங்கள். இரத்தச் சோகை உள்ளவர்களுக்கு இது அவசியம்.

சில சேர்வைகளை அப்படியே உண்ணக் கூடாது. கீரைகளில் உள்ள ஒட்சலேற்று கல்சியத்தைக் கட்டிப்போடும். அட்டவணையில் இருக்கும் கல்சியம் முழுவதும் நம் எலும்புக்கு வராததற்கு இது ஒரு காரணம். சிறுநீரகக் கல் வந்தவர்கள் கீரையை அவித்த தண்ணீரை வடித்து ஊற்றிவிட்டுச் சமைக்கலாம், அளவை வைத்தியரிடம் கேட்கலாம். மரவள்ளியில் இருக்கும் லினமரின் இன்னும் கவனிக்க வேண்டியது. கிழங்கு நசுங்கும்போது அதிலிருந்து ஐதரசன் சயனைட்டு என்ற நஞ்சு வெளிவரும். கசக்கும் கிழங்கு என்றால் தொடாதீர்கள். நல்ல கிழங்கானாலும் பிடுங்கி நாள் கடத்தாமல், தோலைத் தடிப்பாக உரித்து, சிறு துண்டுகளாக வெட்டி, நிறையத் தண்ணீர் விட்டு, மூடாமல் அவித்து அந்தத் தண்ணீரை ஊற்றிவிடுங்கள். மரவள்ளி சாப்பிட்ட அன்று இஞ்சி தொடக்கூடாது என்று வீட்டில் பெரியவர்கள் சொல்வார்கள். அதைக் கடைப்பிடித்தாலும் சரி விட்டாலும் சரி, திறந்து அவித்து வடிப்பதை மட்டும் விடாதீர்கள்.